மப்பு

வானத்துக்கும் மனிதனுக்கும் பொதுவாக ஒரே சொல்லை வழங்கி, அவ்விரண்டிலும் நிகழ்வது ஒரே வகையான மாறுதல்தான் என்று கண்டு சொன்னவர்கள் இலக்கணம் கற்ற புலவர்களோ அகராதி தொகுத்த பண்டிதர்களோ அல்லர். வெயிலையும் மழையையும் நம்பி வாழ்ந்த சாமானிய ஜனங்களே. சித்திரை மாதத்தில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடகம் பிழிந்து வைத்த பெண்மணி, நடுப்பகலில் வெயில் மங்கி மேற்கே இருண்டு வரக் கண்டதும், “மப்புப் போட்டிருச்சே, இன்னைக்கு எங்க காயப்போகுது” என்று அலுத்துக்கொண்டே வேட்டியின் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்குகிறாள். அதே தெருவில் இரவு ஒன்பது மணிக்குச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்து வரும் ஒருவனைக் கண்டு, வாசற்படியில் அமர்ந்திருப்பவர் “ஆளு நல்ல மப்புல வர்றான்” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுகிறார். இவ்விரு வாக்கியங்களிலும் உள்ள மப்பு ஒன்றே என்பதும், முன்னதிலிருந்தே பின்னது கிளைத்தது என்பதும் என் துணிபு.

இந்தச் சொல்லுக்கு நம் காலத்தில் நேர்ந்திருக்கும் அவமதிப்பு எனக்கு வருத்தம் தருகிறது. இளைஞர் பலர் இதன் இரண்டாம் பொருளை மட்டுமே அறிவார்கள். திரைப்படத்தில் நகைச்சுவை நடிகர் தள்ளாடி வரும் காட்சிகளில் கேட்டுக் கேட்டு, இது சென்னைப் பட்டணத்துச் சந்துகளில் நேற்றுப் பிறந்த கொச்சை என்றும், நாகரிகமான எழுத்தில் வரத் தகாதது என்றும் கருதுகிறார்கள். ஆனால் இதன் உறவினர்கள் நம் அண்டை வீடுகளில் கௌரவத்தோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். தெலுங்கில் மேகத்துக்கே இதுதான் பெயர். ‘பம்பரம்’ என்னும் சொல்லில் இரண்டாவது பகரம் ஒலிப்பதுபோல் அங்கே ஒலி சற்றுக் கனத்திருக்கிறதேயன்றி வேறுபாடில்லை. கன்னடத்தில் அந்தி நேரத்து மங்கலையும் அறிவின் மந்தத்தையும் இச்சொல் குறிக்கிறது. ஆக, தெலுங்கு மேகத்தையும், கன்னடம் மங்கலையும் எடுத்துக்கொள்ள, தமிழ் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை, அதாவது மேகம் மூடியதனால் ஒளி குன்றி நிற்கும் நிலையை, எடுத்துக்கொண்டிருக்கிறது. கிராமங்களில் ‘மப்பும் மந்தாரமுமாக’ என்னும் இணைமொழி இன்றும் உயிரோடிருக்கிறது. மப்பு நாட்களில் பயிரில் பூச்சி விழும் என்று உழவர் அஞ்சுகிறார்கள். உப்பளத்தில் வேலை செய்வோர் மப்பு நாளில் உப்பு விளையாது என்று கைகட்டி நிற்கிறார்கள். இப்படிப் பல தொழிலாளரின் நாட்கூலியைத் தீர்மானிக்கும் ஒரு சொல்லைக் கொச்சை என்று தள்ளுவது நியாயமன்று.

மேகம் மூடிய பகலையும் குடித்தவனுடைய நிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தச் சொற்பிரயோகத்தின் நுட்பம் விளங்கும். மப்புப் போட்ட பகல் இரவாகிவிடுவதில்லை. சூரியன் இருக்கிறான், பொருள்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் நிழல் விழாமையால் மேடு எது பள்ளம் எது என்பது மயங்குகிறது, தொலைவிலுள்ளது அண்மையிலுள்ளதுபோல் தோன்றுகிறது, காற்று அசைவற்றுப் புழுங்குகிறது. குடித்தவனும் அறிவிழந்து விழுந்துவிடுகிறான் என்பதில்லை. அவன் பேசுகிறான், நடக்கிறான், வீட்டுக்கு வழியும் அறிகிறான். ஆனால் மதுவிலுள்ள சாரம் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து நரம்புகளின் வேகத்தைத் தணித்துவிடுவதனால், சொல் குழறுகிறது. உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை தளர்ந்து கால் பின்னுகிறது. ஓடிவரும் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கும் திறமை குறைகிறது. இத்தனையையும் சோதனைக்கூடமின்றி, கண்ணால் கண்டு, ஒரு பழஞ்சொல்லில் அடக்கிவிட்டார்கள். மப்பு ஏறும், இறங்கும், கலையும், தெளியும். இவற்றுள் ‘தெளியும்’ என்னும் வினையே எனக்கு மிகப் பெரிய சாட்சி. வானமும் தெளிகிறது, குடித்தவனும் தெளிகிறான்.

தமிழில் இந்த விஷயத்துக்குரிய பழைய சொற்களைப் பார்த்தால், கலங்கலும் தெளிவும் என்னும் இந்த இரட்டை நெடுங்காலமாகவே நம்மவர் மனத்தில் நின்றிருப்பது தெரிகிறது. ‘மயக்கம்’ என்பதற்கு முதற்பொருள் கலத்தல். ஒரு நிலத்துக்குரியது மற்றொரு நிலத்தில் கலந்து வருவதைத் திணை மயக்கம் என்று இலக்கணக்காரர் சொன்னது அதனால்தான். வேறு வேறாய் நிற்க வேண்டியவை அறிவிலே ஒன்றோடொன்று கலந்துவிடுவதே குடியால் வரும் மயக்கம். இதற்கு மறுதலையாக, வடித்துத் தெளிவித்த கள்ளுக்குத் ‘தேறல்’ என்று பெயர் வைத்தார்கள். குறவர் மூங்கிற்குழாயில் முதிரவைத்த தேறலும், யவனர் கலங்களில் வந்து பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தி ஊட்டிய தேறலும் புறநானூற்றில் இருக்கின்றன; அந்தக் கடல்வழி வாணிகத்தின் மது ஜாடிகள் 1945-இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் துண்டு துண்டாக வெளிப்பட்டன. பருகும் பொருள் தெளிந்திருக்க, பருகியவன் கலங்குகிறான் என்பதை அந்தப் பெயரே சொல்லாமல் சொல்லுகிறது.

வேறு இரு சொற்களின் கதி விசித்திரமானது. ‘மகிழ்’ என்பது பழந்தமிழில் கள்ளையும், கள்ளுண்ட களிப்பையும் குறித்தது. அரசன் பாணரோடும் வீரரோடும் பகலிலே மதுவருந்தி வீற்றிருந்த அவைக்கு ‘நாண்மகிழ் இருக்கை’ என்று பெயர். இன்று அதே வேர் கள்வாடையை அறவே விட்டொழித்து, கல்யாண அழைப்பிதழ்களில் ‘மகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்’ என்று குங்குமப்பொட்டின் பக்கத்தில் நிற்கிறது. ‘களி’ அவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. அது பாதி ஆனந்தமாகவும் பாதி வெறியாகவும் நெடுநாள் தத்தளித்தது. மணிமேகலையில் புகார் நகரத்துத் தெருவிலே ஒரு களிமகன் சமணத் துறவியொருவரை மறித்து, தென்னங்கள்ளைப் பருகுவதனால் எந்த உயிரும் கொல்லப்படுவதில்லையே, பின் ஏன் மறுக்கிறீர் என்று வம்புக்கு இழுக்கிறான். அந்தக் காட்சியில் உள்ள தர்க்கத்தையும் பிடிவாதத்தையும் இன்றும் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கேட்கலாம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, அங்கே ‘களி’ என்னும் சொல்லைப் பெற்ற தாயின் முன்னிலையில் நிறுத்திப் பார்க்கிறார். அவளே முகம் சுளிக்கும் ஒன்றைச் சான்றோர் எப்படிப் பொறுப்பர் என்பது அவர் கேள்வி.

இந்தக் கலங்கல், தெளிவு என்னும் பேதத்தைச் சொல்லில் மட்டுமன்றிப் பொருளிலேயே காண விரும்புகிறவர் பனந்தோப்புக்குப் போகவேண்டும். பனையேறுகிறவர் பாளையைச் சீவி முட்டியைக் கட்டுமுன், அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறார். அந்தச் சுண்ணாம்பு, காற்றிலும் பாளையிலும் இயல்பாகவே உள்ள, நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வேலை செய்யாதபடி தடுத்துவிடுவதால், விடியலில் இறக்கும்போது இனிப்பான பதநீர் கிடைக்கிறது. கொங்கு நாட்டார் இதனைத் ‘தெளுவு’ என்கிறார்கள். சுண்ணாம்பு தடவாத முட்டியிலோ, அதே மரத்தின் அதே பாளையிலிருந்து சொட்டிய அதே சாறு, சில மணி நேரத்துக்குள் சர்க்கரையெல்லாம் சாராயமாக மாறத் தொடங்கி, வெண்ணிறமாகக் கலங்கி, நுரை பொங்கிக் கள்ளாகிவிடுகிறது. குழந்தைக்குப் புகட்டத் தக்கதும் குழந்தையின் தகப்பனைத் தெருவில் வீழ்த்தத் தக்கதும் ஒரே பாளையின் சாறுதான். விரலளவு சுண்ணாம்பில் வேறாகிவிடுகிறது. தெளுவு என்று பெயர் வைத்தவர்களும், மப்பு என்று பெயர் வைத்தவர்களும் ஒரே கூர்மையுள்ள கண்ணால் உலகத்தைப் பார்த்தவர்கள்.

குடியைப் பற்றிய வழக்குச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பெருமை உரியதன்று. அவற்றை இரண்டு வகுப்பாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒன்று, உள்ளதை உள்ளபடி காட்டும் வகுப்பு. ‘பட்டை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்வேல மரத்தின் பட்டையை வெல்லத்தோடு ஊறப்போட்டுக் காய்ச்சும் முறை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘கட்டிங்’ என்பது ஆங்கில உடை தரித்திருந்தாலும், 180 மில்லி கொண்ட குவாட்டர் புட்டியை முழுதாக வாங்கக் கையில் காசில்லாத இருவர், முன்பின் அறியாதவர்களாயினும், ஆளுக்குப் பாதியாக 90 மில்லி பகிர்ந்துகொள்ளும் ஏழ்மையை அப்பட்டமாகச் சொல்லிவிடுகிறது. மற்றொன்று மறைக்கும் வகுப்பு. ‘தண்ணி’ என்றும் ‘சரக்கு’ என்றும் வழங்கும்போது, தாகத்துக்குக் குடிப்பதன் பெயராலும் வியாபாரப் பண்டத்தின் பெயராலும் சாராயம் தன் முகத்தை மூடிக்கொள்கிறது. இந்த மறைப்பு ஜனங்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தோன்றி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே மேற்கொண்ட அரசு நிறுவனத்துக்குத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்று பெயர். என்ன வாணிபம் என்பது அந்தப் பெயரில் இல்லை. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கியபோதும், 1948-இல் அது மாகாணம் முழுமைக்கும் பரவியபோதும், 1971-இல் நிறுத்திவைக்கப்பட்டபோதும், ‘மது’ என்னும் சொல்லை வெளிப்படையாக வைத்தே ராஜ்யம் வாதம் செய்தது. ஒழிப்பதானாலும் விற்பதானாலும் பெயரைச் சொல்லிச் செய்வதே ஒழுங்கு என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவு தூரம் மப்பைப் புகழ்ந்துவிட்டேன். ஆயினும் அந்தச் சொல்லில் ஒரு குற்றம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது சத்தியத்துக்கு விரோதமாகும்.

வானத்தில் மப்பு தானாகக் கூடுகிறது. அதைக் கூட்டுவார் ஒருவருமில்லை. குடித்தவனுடைய மப்போ அவன் கையாலேயே ஊற்றி அவன் வாயாலேயே பருகப்பட்டது. இந்த வேற்றுமையை அச்சொல் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் மறுநாட் காலையில், கன்னம் வீங்கியிருக்கும் மனைவியின் முன்னால், “மப்புல ஏதோ நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காத” என்று சொல்லுவது அவனுக்கு அத்தனை சுலபமாக இருக்கிறது. புயல் அடித்துக் கூரை பறந்தது என்று சொல்லுவதற்கும் இதற்கும் வாக்கிய அமைப்பில் வித்தியாசமில்லை. ‘நடந்துபோச்சு’ என்பதில் செய்தவன் இல்லை. ‘மப்புல’ என்பதிலுள்ள உருபு ஏழாம் வேற்றுமை உருபு, இடப்பொருள் தருவது. அவன் எங்கோ ஓரிடத்தில் இருந்தான், அங்கே ஏதோ நிகழ்ந்தது, அவ்வளவே! அந்த வீட்டுப் பெண்ணுக்கோ, மாலைதோறும் தெருமுனையை நோக்கி நிற்கும் பார்வை, கதிர் முற்றிய வயலில் நின்று மேற்கு வானத்தை நோக்கும் உழவனுடைய பார்வையாகிவிடுகிறது. இன்று எப்படி வருவான்? நிதானமாகவா, மப்பிலா? பிள்ளைகளை முன்கூட்டியே சாப்பிடவைத்துத் தூங்கவைக்க வேண்டுமா? ரேஷன் பணத்தை எந்த டப்பாவுக்கு மாற்ற வேண்டும்? வானிலையைக் கணிப்பதுபோல் ஒரு மனிதனைக் கணித்து வாழும்படி அவளை விட்டுவிட்டு, அவன் தன்னை வானிலை என்றே நம்பிவிடுகிறான்.

ஆனால் அவள் பேசும் வாக்கியம் வேறு. அண்டை வீட்டாரிடமோ, தாய்வீட்டிலோ, காவல் நிலையத்திலோ அவள் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள்: “குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு.” ஆண்கள் ஏழாம் வேற்றுமையில் மறைக்கும் அதே சம்பவத்தை அவள் வினையெச்சத்தில் வைத்துச் சொல்லுகிறாள். ‘குடிச்சிட்டு’, ‘வந்து’ என்னும் எச்சங்கள் தம்மை முடிக்கும் வினையின் எழுவாயையே தமக்கும் எழுவாயாகக் கொள்ளும் என்பது தமிழின் சாதாரண நியதி. ஆகவே குடித்தவனும், வந்தவனும், அடித்தவனும் ஒருவனே என்பது அவளுடைய மூன்று சொற்களிலே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிடுகிறது. பள்ளிக்கூடத்து இலக்கணம் படித்து அவள் இதைச் சொல்லவில்லை. அடிபட்டவள் செய்தவனை மறக்க இயலாது என்னும் அநுபவமே அவள் வாக்கியத்தை அப்படி அமைக்கிறது.

சட்டமும் அவள் பக்கமே நிற்கிறது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 85, 86-ஆம் பிரிவுகள், இப்பொழுது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24-ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. ஒருவனுக்கு அவன் அறியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருள் புகட்டப்பட்டு, அதனால் தான் செய்வது இன்னதென்று உணரும் சக்தியை அவன் இழந்திருந்தால் மட்டுமே முதற்பிரிவு அவனுக்குக் கைகொடுக்கும். தானே விரும்பிக் குடித்தவனை, குடியாதிருந்தால் எவ்வளவு அறிவு இருந்திருக்குமோ அவ்வளவு அறிவும் உள்ளவனாகவே வைத்து நடத்தவேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. வலிய வந்த மேகத்துக்கும் வரவழைத்த மேகத்துக்கும் உள்ள பேதத்தைச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்த்துவருகிறது. நம் பேச்சுவழக்குத்தான் பார்க்க மறுக்கிறது.

சொல் பொதுவாக இருப்பதனால் வரும் கேடு குடும்பத்தோடும் நிற்பதில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை நாடு மறந்திருக்காது. அத்தகைய மரணங்களுக்குக் காரணமான மெத்தனால் உள்ளே போனவுடன் கொல்வதில்லை. முதலில் அது சாதாரணச் சாராயம் தரும் மப்பையே தருகிறது. பின்பு ஈரல் அதனைச் சிதைத்து ஃபார்மிக் அமிலமாக்க, பன்னிரண்டு மணி, சில வேளை ஒரு நாள் கழித்து, வயிற்றுவலியும் மூச்சுத்திணறலும் தோன்றுகின்றன; பார்வை நரம்பு தாக்குண்டு கண்முன் வெண்பனி படர்ந்ததுபோல் எல்லாம் மங்குகிறது. வீட்டார் அதுவரை வழக்கமான மப்புத்தானே, தூங்கினால் தெளியும் என்று பாயை விரித்துப் படுக்கவைத்திருப்பார்கள். இந்த மப்பு தூங்கித் தெளிவதன்று. உரிய காலத்தில் மருத்துவமனை சேர்த்தால் மாற்று மருந்து கொடுத்தும் இரத்தத்தைச் சுத்திகரித்தும் காப்பாற்ற இயலும். காலந்தாழ்ந்தால் உயிர் தப்பியவனுக்கும் கண் திரும்பாமலே போகலாம். மறுநாளும் பார்வை மங்கியிருந்தால் அது போதை மீதமிருப்பதன் அடையாளமன்று, விஷத்தின் அடையாளம் என்று சாராயம் புழங்கும் ஒவ்வோர் ஊரிலும் தண்டோராப் போட்டாவது சொல்லவேண்டியது சுகாதாரத்துறையின் கடமை.

பத்திரிகைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. குற்றச் செய்திகளில், ‘மதுபோதையில் இருந்த கணவர் மனைவியைத் தாக்கினார்’ என்றும், ‘குடிபோதையில் தகராறு முற்றியது’ என்றும் நாள்தோறும் எழுதுகிறோம். காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொள்ளும் ஏட்டு, அந்தப் பெண் “குடிச்சிட்டு வந்து அடிச்சாரு” என்று சொன்னதைக் காகிதத்தில் ‘மது போதையில்’ என்று மாற்றி எழுதுகிறார். நிருபர் அதனை அப்படியே பிரதி செய்கிறார். உதவியாசிரியர் அதனைத் தலைப்பிலும் ஏற்றுகிறார். மூன்று கை மாறுவதற்குள் வினையெச்சம் போய், ஏழாம் வேற்றுமை வந்து உட்கார்ந்துவிடுகிறது. வானிலைச் செய்தியில் மப்பு என்னும் சொல்லைத் தாராளமாக எழுதுங்கள். ‘மேகமூட்டத்துடன் காணப்படும்’ என்னும் அலுவலகத் தமிழைவிட அது எவ்வளவோ உயிருள்ளது. அடி வாங்கியவளின் செய்தியை எழுதும்போது மட்டும், அவள் வாயிலிருந்து வந்தது எதுவோ அதையே வையுங்கள்: குடித்துவிட்டு வந்து அடித்தார்.